சதுரம் சரி, முகம் பிழை

வணக்கம் ஐயா,

மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். முகப்படம் வரைவதுதான் தொழில். வருகிற வேலையில் முக்கால்வாசி இறந்தவர்களின் படங்கள். முப்பத்தோராம் நாளுக்கு, ஆண்டுத் திவசத்துக்கு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சொல்லி அனுப்புவது என்று வரும். நாலு விஷயம் கேட்கவேண்டும்.

ஒன்று: அடையாள அட்டைப் படத்தை வைத்து ஒரு பெடியனின் முகத்தை 16க்கு 20 அங்குலத்தில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்தேன். கட்டம் போட்டு ஒவ்வொரு கோட்டையும் அளந்துதான் போட்டேன். தாய் பார்த்துவிட்டு, "வடிவாய் இருக்கு தம்பி, ஆனா இது என்ர பிள்ளை இல்லை" என்றார். எங்கே பிழைத்தது?

இரண்டு: போன மாரியில் இரண்டு படங்களில் பூஞ்சணம் பிடித்தது. இன்னொன்றில் தலைமயிரும் கன்னத்து நிழலும் மினுக்கம் போய்த் திட்டுத்திட்டாக மங்கிவிட்டன.

மூன்று: காணாமல் போன மகனை, "இப்ப இருந்தா எப்பிடி இருப்பானோ அப்பிடி" வரையச்சொல்லிக் கேட்கிறார்கள். செய்யலாமா?

நான்கு: சனிக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்குகிறேன். "தொழிலைச் சொல்லிக் குடுத்து உன்ர வயித்தில நீயே அடிக்கிறாய்" என்கிறார் ஒரு மூத்த ஓவியர். பழக்குவது பிழையா? எதிலிருந்து தொடங்குவது?

க., மல்லாவி

அன்புள்ள தம்பி,

அந்தத் தாய் சொன்னதில் பிழையில்லை. நாலு கேள்வியில் இந்த முதலாவதுக்கே கூட எழுதப்போகிறேன்; மற்ற மூன்றுக்கும் பாதி விடை இதற்குள் கிடக்கிறது.

முதலில் கணக்கு. பழைய லமினேற் அடையாள அட்டையில் முகம் உச்சியிலிருந்து நாடி வரை ஓர் அங்குலம் வந்தால் பெரிய காரியம். 16க்கு 20 கன்வசில் அதே முகம் 8 அங்குலம். எட்டு மடங்கு. பென்சில் கோட்டின் தடிப்பே அரை மில்லிமீற்றர். அட்டையில் அரை மில்லிமீற்றர் தவறினால் கன்வசில் 4 மில்லிமீற்றர் தள்ளிப்போகும். வளர்ந்த ஒருவரின் ஒரு கண்ணின் அகலமே ஏறத்தாழ 30 மில்லிமீற்றர்தான். அதன் வெளிமுனை 4 மில்லிமீற்றர் இறங்கினால் ஆளே வேறு. கட்டத்தை நம்பி எட்டு மடங்கு பெருப்பிக்கிறபோது கோடு எல்லாம் அதனதன் சதுரத்துக்குள் ஒழுங்காக இருக்கும், முகம் மட்டும் கைவிட்டுப் போயிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். அடையாள அட்டைக்கு எடுக்கிற படத்தில் பிளாஷ் கமராவுக்குப் பக்கத்திலேயே நின்று நேராக முகத்தில் அடிக்கிறது. மூக்கின் ஓரத்து நிழல், கண்குழியின் நிழல், கீழுதட்டுக்குக் கீழே விழுகிற நிழல் மூன்றும் அதில் அழிந்துபோகும். முகத்துக்கு மேடு பள்ளம் தருவதே இந்த மூன்றும்தான். போதாததற்கு, "சிரிக்காதே, நேரே பார்" என்று சொல்லி எடுத்த முகம் அது. வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பார்த்திராத முகம். தாய்க்குத் தெரிந்தது சோறு போடும்போது நிமிர்ந்து பார்த்த முகம்.

ஆகவே அட்டைப் படம் ஒன்றை மட்டும் வைத்து வேலையை ஏற்காதீர்கள். "வேறொண்டும் இல்லைத் தம்பி, எல்லாம் இடம்பெயர்வோட போட்டுது" என்பார்கள். அது உண்மை. 2008, 2009 இல் கிளிநொச்சியிலிருந்து கடற்கரை வரை திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த சனம் அல்பங்களை எங்கெங்கோ விட்டுத்தான் போனது. ஆனால் அதற்கு முன்னர் வெளிநாட்டுக்குப் போன கடிதங்களோடு படங்களும் போயின. கனடாவில் இருக்கிற மாமியிடமோ பாரிசில் இருக்கிற சித்தப்பாவிடமோ கேட்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வகுப்புப் படம், மற்றவர்களின் கலியாண அல்பத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கிற தலை, பூப்புனித நீராட்டு விழா வீடியோவில் இரண்டு விநாடி: எல்லாம் வேண்டும். மூலப்படமாக அல்ல. தலையைச் சரிக்கிற விதம், சிரிக்கும்போது எந்தக் கடைவாய் முதலில் ஏறுகிறது, காது எவ்வளவு விரிந்து நிற்கிறது என்று பார்க்க.

பழைய படங்களைக் கையாளுவதில் ஒரு எச்சரிக்கை. சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டியபடி இருந்த படம் மாரி ஈரத்தில் கண்ணாடியோடேயே பிடித்துவிடும். படத்தாளின் மேல் இருக்கிற ஜெலற்றின் படை ஈரம் பட்டால் பசையாகும். இழுத்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும், தாள் மட்டும் கைக்கு வரும். இழுக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்து ஸ்கான் செய்யுங்கள். லமினேற்றையும் பிரிக்கக்கூடாது. ஒன்றரை அங்குல உயரப் படத்தை 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், ஸ்கான் செய்தால் 1800 புள்ளி உயரம் கிடைக்கும். 300 டிபிஐயில் அச்சடிக்க 6 அங்குலம். அதற்குமேல் பெருப்பித்தால் தாளின் மணிமணியான புள்ளிதான் பெருக்கும், முகம் பெருக்காது.

தொலைபேசியில் மங்கல் படத்தைத் தெளிவாக்கித் தருகிற செயலிகள் இப்போது எல்லாரிடமும் இருக்கின்றன. அவை தெளிவாக்குவதில்லை, ஊகிக்கின்றன. மங்கலாய் இருக்கிற இடத்தில் ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து பழகிய கண்ணையும் பல்லையும் கொண்டுவந்து வைக்கும். பெடியனுக்கு இல்லாத இமைமயிர் வரும், முன்பல்லின் இடைவெளி அடைபடும். உங்கள் 'இது என்ர பிள்ளை இல்லை'க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். செயலி தந்த படத்தை வைத்து வரைந்திருந்தால் முதலில் அதை அழியுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். அந்தத் தாய்க்கு நீங்கள் படத்தை முடித்துவிட்டுக் காட்டினீர்கள். கரியில் இருக்கும்போதே காட்டியிருக்க வேண்டும்.

கன்வஸ் அளவுக்கே பிறவுன் பேப்பர் வெட்டி, அதில் கரியால் முகத்தைப் போடுங்கள். மூன்று மணித்தியாலத்துக்குமேல் மினக்கெட வேண்டாம். இமைமயிர், தலைமயிர் இழை ஒன்றும் வேண்டாம். பெரிய நிழலும் இடைவெளிகளும் போதும். அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். விறாந்தையில் நிழல் வெளிச்சத்தில், இருக்கிறவரின் கண்மட்டத்தில், ஆறடி தள்ளி நிமிர்த்தி வையுங்கள். மடியில் கொடுத்தால் மேலிருந்து பார்ப்பார்கள், நாடி சிறுத்துத் தெரியும். "சரியோ அம்மா?" என்று கேட்காதீர்கள். எங்கள் சனம் முகத்துக்கு நேரே குறை சொல்லாது. "வடிவாய் இருக்கு" என்று சொல்லித் தேத்தண்ணி தரும். "பார்த்தவுடன கண்ணில படுறது என்ன?" என்று கேளுங்கள். "எத்தினை வயசுப் பெடியன் மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள்.

அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துத் திருத்தவும் கூடாது. எங்கே நோகிறது என்று சொல்ல வருத்தக்காரனுக்குத் தெரியும், ஏன் என்று வைத்தியருக்குத்தான் தெரியும். "கோவமாய் இருக்கிறான்" என்றால் புருவத்துக்கும் மேலிமைக்கும் இடைவெளி குறைந்துவிட்டது. புருவத்தை 2 மில்லிமீற்றர் உயர்த்திப் பாருங்கள். "வயசு போனமாதிரி" என்றால் மூக்கிலிருந்து கடைவாய்க்கு இறங்குகிற மடிப்பைக் கோடாகக் கீறிவிட்டீர்கள். விரலால் துடைத்து நிழலாக்குங்கள். "வருத்தக்காரன் மாதிரி" என்றால் கண்ணுக்குக் கீழ் நிழலின் விளிம்பு கூர்மை. "கொழுத்துப்போனான்" என்றால் பிளாஷ் தின்ற கன்ன எலும்பை நீங்கள் திருப்பி வைக்கவில்லை, அல்லது கழுத்து அகலித்துவிட்டது.

"கண் அவன்ர இல்லை" என்பதுதான் அடிக்கடி வருவது. கண்ணில் பெரும்பாலும் பிழை இருக்காது. படத்தில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள். "இப்ப அவன்தான்" என்றால் பிழை வாயில். இல்லை என்றால் இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு கண்ணின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமனாக வரும், ஆனால் ஆளாளுக்கு அதில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம்தான் அந்த ஆள்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதானால் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, சூமை இரண்டு மடங்கில் வைத்து எடுத்து அனுப்புங்கள். கிட்ட நின்று எடுத்தால் தொலைபேசியின் அகல வில்லை நடுவைப் புடைக்கச் செய்து ஓரங்களைச் சரிக்கும். குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். முதல் ஆள் "மூக்கு கொஞ்சம்…" என்று எழுதினால் பதினைந்து பேருக்கும் அதன்பிறகு மூக்குத்தான் தெரியும். இறந்தவரோடு ஒரே வீட்டில் கூடக்காலம் இருந்தவர்கள் இரண்டு பேருக்கு, தனித்தனியாக.

கரிப்படத்துக்குச் சம்மதம் கிடைத்ததும் தாளின் மூலையில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பாதிக்காசு இந்த இடத்தில். கரியில் இரண்டு தரம் திருத்துவது இலவசம், வர்ணத்துக்குப் போன பிறகு திருத்தக் கூலி. இதை வேலை ஏற்கும்போதே சொல்லிவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது. தலையும் தோளும் மட்டும் உள்ள 16க்கு 20 எண்ணெய்ப் படத்துக்கு 20 முதல் 30 மணித்தியாலம் போகும். உங்கள் ஊரில் ஒரு நல்ல மேசனின் நாட்கூலியை எட்டால் வகுத்து மணித்தியாலக் கணக்குப் பாருங்கள். அதற்குக் கீழே விலை சொல்கிற ஓவியர்கள்தான் நாலு வருடத்தில் தூரிகையை வைத்துவிட்டு ஓட்டோ ஓடப்போகிறவர்கள்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வரைகிறவருக்கு அதுதான் அடுத்த குழி. 1970, 80களின் கலர்ப் படமும் உதவாது. பல தாள்களில் நீலச் சாயம் முதலில் மங்கி முகம் செம்மஞ்சளாகிப்போயிருக்கும். சகோதரர் ஒருவரை நிழலில் இருத்தி அவரின் முகத்தைப் பார்த்துக் கலவுங்கள். எங்கள் தோலுக்கு அடி நிறம் பேர்ண்ட் சியன்னா மூன்று பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு. வெளிச்சப் பக்கத்துக்கு யெலோ ஓக்கர் கூட்டுங்கள். ரைட்டானியம் வெள்ளையைக் கடைசிவரை தள்ளிவையுங்கள். பழுப்புத் தோலை வெள்ளை கொட்டி வெளிறச் செய்தால் சுண்ணாம்பு பூசியது போலாகும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழுகிற ஒளிர்வில் வெள்ளையோடு நீலம் ஒரு துளி வேண்டும், ஏனென்றால் அங்கே மினுங்குவது வானம். நிழலுக்குக் கறுப்பு எடுக்காதீர்கள். பேர்ண்ட் அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் உயிருள்ள கருமை வரும். "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். கறுத்த முகத்தில் மேடும் பள்ளமும் தெரிவது ஒளிர்வுக்கும் தோலுக்கும் உள்ள தூரத்தால். தோலை வெளுத்தால் அந்தத் தூரம் குறையும், முகம் தட்டையாகும், நீங்கள் கரியில் உழைத்த உழைப்பெல்லாம் போகும்.

இன்னொன்று: உதட்டுக்கும் கன்னத்துக்கும் அலிசறின் கிறிம்சன் போடுகிறீர்களா? குழாயின் பின்பக்கத்தில் பி.ஆர்.83 என்று இருந்தால் அது வெளிச்சத்தில் மங்குகிற நிறம். சில வருடத்தில் உதடு வெளிறும். பி.வி.19 என்று போட்ட சிவப்பை வாங்குங்கள்.

வெளிச்சத்துக்கு வடக்கு யன்னல் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அவை ஐரோப்பாவில் இருந்து எழுதியவை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் வருகிறது. பிறகு ஓகஸ்ட் கடைசியில் திரும்ப. இடையில் நாலரை மாதம் உச்சி வெயில் எங்களுக்கு வடக்குப் பக்கத்தில். மூன்றடித் தாழ்வாரம் இருந்தால் மத்தியானம் பிரச்சினையில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் வடக்கு யன்னலால் சரிந்த வெயில் உள்ளே வரும், கன்வசில் நிறம் பொய் சொல்லும். அந்த மாதங்களில் வெள்ளைச் சேலைத்துணி ஒன்றை யன்னலில் கட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி. மினுக்கம் போன திட்டு ஒரு நோய், பூஞ்சணம் வேறொரு நோய்.

திட்டாக மங்குவது கீழே இருக்கிற படை எண்ணெயைக் குடித்துவிடுவதால். கன்வசுக்குச் சுவருக்கு அடிக்கிற எமல்சன் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது சுண்ணாம்பு போல எண்ணெயை உறிஞ்சும். கன்வசுக்கென்றே விற்கிற அடிப்பூச்சான ஜெசோவை மூன்று கை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220ஆம் இலக்க உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். மங்கிய இடத்துக்குப் பரிகாரம் சுலபம்: படம் கைக்கு ஒட்டாதளவு காய்ந்ததும், லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயையும் டேர்பன்டைனையும் சம அளவில் கலந்து துணியால் மெல்லியதாகத் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மினுக்கம் திரும்பும். எப்போதும் கீழ்ப்படையில் எண்ணெய் குறைவு, மேற்படையில் கூட. மாறிச் செய்தால் மேலே காய்ந்து கீழே ஈரமாய் இருக்கும், வெடிக்கும்.

டேர்பன்டைன் கிடைக்காத நாளில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது முழுதாகப் பறக்காமல் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வர்ணத்துக்குள் வரவே கூடாது. எண்ணெய் வர்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு இறுகும் குணமே இல்லை. இறுகும்போது சூடும் வரும் என்பதால் லின்சீட் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்துவைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். கிடுகு வேய்ந்த கொட்டிலில் வேலைசெய்கிறவர் இதை மறக்கக்கூடாது. துணியை வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

பூஞ்சணத்துக்குக் காற்றின் ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டினால் போதும். வாடைக்காற்று மழையோடு வருகிற மாதங்களில் எங்கள் வீடுகளில் அது நாட்கணக்காக அப்படியே நிற்கும். எகிப்தின் ஃபயூமில் கி.பி. 1 முதல் 3 ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவரின் முகத்தை மெல்லிய பலகையில் மெழுகிலும் வேறு வர்ணங்களிலும் வரைந்து உடலோடு வைத்தார்கள். உங்கள் தொழில்தான். சுமார் 900 முகங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, மணலின் வறட்சியால். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் போத்தல் தக்கையை வெட்டி ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு சென்ரிமீற்றர் காற்றோடட்டும். மழைச்சாரல் அடிக்கிற வடகிழக்குச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று படம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். பிடித்துவிட்ட பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் பரவும். வெளியில் நிழலில் வைத்துக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு மிருதுவான தூரிகையால் தட்டிவிடுங்கள். வெளிற்றும் திரவங்கள் கிட்டவும் வரக்கூடாது. சட்டத்துக்கு வேம்பு நல்லது, கறையான் சுலபத்தில் தொடாது. முதிரை என்றால் வாடிக்கையாளர் பெருமைப்படுவார். ஆனால் கனம், ஸ்ரேப்பிள் ஏறாது.

முப்பத்தோராம் நாள் வேலைகளுக்கு முழு எண்ணெய்ப் படம் ஏற்காதீர்கள். செத்தவீடு முடிந்து ஒரு கிழமையில் கேட்டு வருவார்கள். கல்வெட்டு என்கிற நினைவுமலர் அச்சுக்குப் போக உங்கள் படத்தின் படம் ஐந்தாறு நாள் முந்தியே வேண்டும். மிஞ்சுவது இரண்டரைக் கிழமை. அம்பர் இரண்டு நாளில் காயும், கறுப்பும் கிறிம்சனும் ஒரு கிழமை கடந்தும் கையில் ஒட்டும். சீக்கிரம் காய்கிற அக்ரிலிக்கில் முடியுங்கள், அல்லது அடியை அக்ரிலிக்கில் போட்டு மேலே மெல்லிய எண்ணெய்ப் படை ஒன்று. எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் ஒருக்காலும் கூடாது, உரியும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வர்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுருட்டி, ஆறங்குலப் பிவிசி குழாயில் சுற்றுங்கள். காற்றுக் குமிழிப் பிளாஸ்ரிக் நேரே வர்ணத்தில் பட்டால் வெக்கைக்கு அக்ரிலிக் இளகி, கன்னத்தில் குமிழி குமிழியாய் அச்சு விழும். இடையில் கேக் வேகவைக்கிற தாள் வையுங்கள்.

மூன்றாவது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் அவர்கள் கையில் வைத்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றிலாவது மாலை இருந்ததா? எங்கள் வழக்கத்தில் மாலையும் விளக்கும் 'தோற்றம், மறைவு' என்ற இரண்டு திகதியும் ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எழுத ஓவியருக்கு உரிமையில்லை. வேலை ஏற்கும்போதே நேராகக் கேளுங்கள்: மாலை போடவோ, விடவோ? மனைவியையும் சேர்த்து வரைவதானால் பொட்டு? ஒரு வீட்டுக்குள்ளேயே தாய் ஒன்றும் தம்பி ஒன்றும் சொல்லக்கூடும். அப்படியானால் அவர்கள் பேசி முடிக்கும்வரை கரியோடு நில்லுங்கள்.

வயது கூட்டி வரைவதைச் செய்யலாம். கரியில் மட்டும். வர்ணத்தில் வரைந்தால் ஊகம் உண்மைபோல் சுவரில் தொங்கும். பதினேழு வயதுப் பெடியனை முப்பத்துமூன்றாக்கும்போது மாறுவது தாடை அகலம், கழுத்துத் தடிப்பு, நெற்றி மயிர்க்கோடு, தாடியின் அடர்த்தி. கண்களுக்கு இடைத்தூரம் மாறாது, காதின் உள்மடிப்பு மாறாது. மயிர்க்கோட்டுக்கும் தாடைக்கும் தகப்பன் அல்லது மாமன் அதே வயதில் எடுத்த படம் வேண்டும். கண்ணைச் சுற்றிச் சுருக்கம் போடாதீர்கள். அந்த வயதுக்கு வேண்டியதில்லை, போட்டால் பட்ட பாட்டையும் சேர்த்து ஊகித்ததாகும். எந்தப் படத்திலிருந்து, எந்த வயதிலிருந்து ஊகித்தது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். உயிரோடு பார்த்து வரைந்த படம் இல்லாத வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்கு எங்கள் பள்ளிக்கூடச் சுவர்களில் எத்தனை முகம்! கற்சிலைமடு நினைவுக்கல்லில் அவன் தோற்ற நாளாக 1803 ஒக்ரோபர் 31 என்ற திகதிதான் பொறித்திருந்தது, மீசை இல்லை. வீரனுக்கு அது பாதகமில்லை. ஒரு தாயின் பிள்ளைக்கு நாங்களாக மீசை வைக்கக்கூடாது.

இந்தப் படங்களை அனுமதியில்லாமல் முகநூலில் போடாதீர்கள். உங்கள் கைத்திறனைக் காட்ட என்று போட்ட வயது கூட்டிய முகத்தை யாரோ எடுத்து, 'கண்டவர்கள் அறிவிக்கவும்' என்று எழுதிச் சுற்றவிடுவார்கள். ஒரு வீடு ஒரு கிழமை நித்திரை கொள்ளாது.

நான்காவதுக்கு அந்த மூத்தவரோடு வாதாட வேண்டாம். உங்கள் வயிற்றில் அடிப்பது பிளெக்ஸ் அச்சு. சனிக்கிழமைப் பிள்ளைகள் இல்லை. ஒரு முகத்தை இருபது நிமிடம் கீறிப்பார்த்த பிள்ளையின் வீட்டில் உங்கள் விலையைப் பேரம் பேசவும் மாட்டார்கள்.

போட்டோ பார்த்துக் கீறுவதை முதல் ஆறு கிழமை கையிலெடுக்க வேண்டாம். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே இருத்தி, ஐந்து நிமிடப் படம் நாலு, இருபது நிமிடப் படம் ஒன்று. முதல் நாளே ஒன்று தெரியவரும்: எல்லாப் பிள்ளையும் கண்ணைத் தலையின் மேல் மூன்றிலொன்றில் வைக்கும். உச்சி முதல் நாடி வரை சரிநடுவில்தான் கண். நூலொன்றால் பக்கத்துப் பிள்ளையின் தலையை அளக்கவிடுங்கள், நீங்கள் சொல்வதைவிட நூலை நம்புவார்கள்.

கரி வாங்கக் காசு கேட்காதீர்கள். புளியங்குச்சி போதும்; கலம்காரி என்கிற துணி ஓவியம் வரைகிறவர்கள் இன்றைக்கும் அதால்தான் முதற்கோடு போடுகிறார்கள். பென்சில் தடிப்பில், ஐந்து அங்குல நீளத்தில் வெட்டிப் பட்டை உரித்து ஒரு கிழமை காயவிடுங்கள். பால்மாப் பேணிக்குள் நெருக்கி அடுக்கி, இடைவெளியை உலர்மணலால் நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரு துளை. விறகடுப்பில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். துளையால் வருகிற புகை நின்றதும் இறக்கி, பேணி முழுதாக ஆறும்வரை திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே தணலாகிச் சாம்பல்தான் மிஞ்சும். கரி கீறும்போது கிறீச்சிட்டால் போதாமல் வெந்தது. தொட்டதும் பொடிந்தால் கூட வெந்தது.

ஆண்டு முடிவில் நிலையத்திலேயே தொங்கவிடுங்கள், படத்தின் நடு நிலத்திலிருந்து ஐந்தடியில். முடிந்தவற்றோடு கரிப்படங்களையும் பக்கத்தில். உறவுக்காரரின் முகமாயின் அவர்களைக் கேட்டுவிட்டு.

அந்தத் தாய்க்கு வரைந்த படத்தைத் திருப்பி வாங்கி வையுங்கள், மேலே திருத்தாதீர்கள். அவருடைய மற்றப் பிள்ளைகளின் படங்களைக் கேட்டெடுத்து, வேறு தாளில் கரியில் புதிதாகப் போட்டு, அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். அட்டைப் படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே எடுக்க வேண்டாம். ஒரு பழைய துணியும் கொண்டுபோங்கள்; அவர் சொல்லச் சொல்ல அங்கேயே துடைக்கவேண்டிவரும்.